வீட்டுக் கழிவும் எரிவாயுவும்: பயனும் பாதுகாப்பும்

(ஊராட்சிச் செயலர்கள், தூய்மைக் காவலர்கள், மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் ஆகியோருக்காக நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மழைக் காலம் தொடங்குவதற்கு முன்னர், நமது ஒன்றியத்திலுள்ள பழைய சாண எரிவாயுக் கலன்களைச் செப்பனிடவும், சமையலறைக் கழிவைக் கொண்டு இயங்கும் சிறு கலன்களைச் சில ஊர்களில் புதிதாக அமைக்கவும் கருதியுள்ளோம். அதை முன்னிட்டே இன்று இம்முகாம் கூட்டப்பட்டுள்ளது. கழிவிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்னும் செய்தி நம் மக்களுக்குப் புதியதன்று. அதன் நன்மைகளைச் சொல்வதற்குப் பலர் உளர். ஆனால், அதைக் கையாளும்போது உயிருக்கும் உடல் நலத்துக்கும் நேரக்கூடிய கேடுகள் யாவை, அவற்றைத் தவிர்க்கும் வழிகள் யாவை என்று எடுத்துரைப்போர் குறைவு. அக்குறையை ஓரளவேனும் நீக்குவதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

சொல்ல வேண்டியவை பல இருப்பினும், அவற்றுள் தலையாயதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எரிவாயுக் கலனுக்குள் கழிவு செல்லலாம், மனிதர் செல்லலாகாது. இந்த ஒன்றை மட்டும் நீங்கள் மனத்திற் கொண்டு ஊர் திரும்பினாலும் இம்முகாம் பயனுடையதாகும்.

எரிவாயு வந்த வழி

சேற்று நிலத்தைக் கிளறினால் குமிழிகள் எழுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அக்குமிழிகளிலுள்ள வாயு தீப்பற்றி எரியும் என்பதை இத்தாலி நாட்டு விஞ்ஞானி வோல்ட்டா 1776 ஆம் ஆண்டில் ஆராய்ந்து கண்டார். நம் நாட்டில், பம்பாயை அடுத்த மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில், கழிவிலிருந்து வாயு எடுக்கும் ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்டது. 1939 ஆம் ஆண்டில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் மாட்டுச் சாணத்தைக் கொண்டு சோதனைகள் நடைபெற்றன. பின்னர் 1950-களின் தொடக்கத்தில், ஜஷ்பாய் படேல் என்பார் மிதக்கும் இரும்புக் கூண்டு உடைய கலனை வகுத்தளித்தார். கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு 1962 ஆம் ஆண்டில் அதை ஏற்று நாடெங்கும் பரப்பியது. செலவைக் குறைக்கும் பொருட்டு, இரும்புக் கூண்டு இல்லாமல் செங்கல்லாலேயே கவிகை அமைக்கும் 'தீனபந்து' என்னும் வகை 1984 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் ஊர்களில் இன்று காணப்படுபவை பெரும்பாலும் இவ்விரு வகையைச் சேர்ந்தவையே.

அண்மைக் காலத்தில் இம்முயற்சி மீண்டும் ஊக்கம் பெற்றுள்ளது. 2018 ஆம் ஆண்டில் 'கோபர்தன்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு 2020 ஆம் ஆண்டில் இரண்டாம் கட்டத்தை எய்தியபோது, மாவட்டம் ஒன்றுக்கு ரூ. 50 இலட்சம் வரை இப்பணிக்கு ஒதுக்க வழி செய்யப்பட்டது. ஆகவே, கருவியும் இருக்கிறது; அறிவும் இருக்கிறது; உதவிக்கும் வழி காணப்பட்டிருக்கிறது. எஞ்சியிருப்பது நமது கவனம் ஒன்றே.

புகையிலிருந்து விடுதலை

இத்துணைச் சிரமப்பட்டு ஏன் வாயு எடுக்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் நாள்தோறும் மூன்று வேளை அமரும் தாய்மார்களின் கண்களும் நுரையீரலுமே அதற்கு விடையாகும். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகை முதலிய மாசினால் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆவர். சாண எரிவாயுவின் சுடர் நீல நிறமாய், புகையின்றி எரிகிறது. பாத்திரத்தில் கரி பிடிப்பதில்லை; நெஞ்சிலும் கரி படிவதில்லை.

அளவையும் சொல்லிவிடுகிறோம். ஒரு கிலோ பசுஞ்சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்கு ஏறக்குறைய 50 கிலோ சாணம் தேவை. நான்கைந்து மாடுகள் உள்ள குடும்பத்துக்கே இது இயலும். அவ்வளவு வாயு ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் சமையலுக்குப் போதுமானது. மாடுகளை விற்றுவிட்ட வீடுகளில் பழைய கலன் பாழடைந்து கிடப்பதை நாம் பல ஊர்களிலும் காண்கிறோம். அத்தகைய வீடுகளுக்கும், சத்துணவுக் கூடங்களுக்கும், உணவு விடுதிகளுக்கும் ஏற்றதே சமையலறைக் கழிவைக் கொண்டு இயங்கும் கலன். வடித்த கஞ்சி, கெட்டுப்போன சோறு, காய்கறித் தோல், அழுகிய பழம் ஆகியவற்றில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதியாதலின், எடைக்கு எடை ஒப்பிடுகையில் அவை சாணத்தைவிடக் கூடுதலான வாயுவைத் தரும்.

கலனுக்கு உணவு எது?

மாட்டின் வயிற்றுக்குள் நடப்பது போன்றதொரு செரிமானமே கலனுக்குள்ளும் நடைபெறுகிறது. காற்றுப் புகாத இருளில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று செரிக்கின்றன. அவற்றின் உழைப்பால் வெளிவரும் வாயுவில் பாதிக்குமேல் மீத்தேன். எஞ்சியதிற் பெரும்பகுதி கரியமில வாயு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு. சாணத்துடன் அதே அளவு நீர் சேர்த்துக் கரைத்து ஊற்ற வேண்டும். நம் பகுதியின் வெப்ப நிலையில் கரைசல் சுமார் 40 நாள் உள்ளே தங்கிச் செரித்து வெளிவரும்.

மாடு உண்ணத்தகாதது கலனுக்கும் ஆகாது என்பதை ஒரு பொது விதியாகக் கொள்ளலாம். சோப்பு நீர், பினாயில், பிளீச்சிங் பவுடர், பூச்சிமருந்து கழுவிய நீர் ஆகியவை நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். நோயுற்ற மாட்டுக்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருந்தால், சில நாட்களுக்கு அதன் சாணத்தைத் தனியே ஒதுக்குதல் நன்று. எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் மட்டை, மணல் ஆகியவை செரிக்காமல் அடியிற் படிந்து கலனின் கொள்ளளவைக் குறைக்கும். விருந்து நடந்த மறுநாள் மிஞ்சியது அனைத்தையும் ஒருசேரக் கொட்டினால் கரைசல் புளித்துப்போய், வாயு எரியாமல் நின்றுவிடும். அளவறிந்து உண்ண வேண்டுமென்பது கலனுக்கும் பொருந்தும்.

கலனைச் சரிவர ஊட்டுவது வாயுவுக்காக மட்டுமன்று. அடியிற் படிந்த மணலையும் மட்டையையும் எடுப்பதற்காகவே பிற்காலத்தில் எவரையேனும் உள்ளே இறக்கும் எண்ணம் எழுகிறது. ஆகையால், இன்று குப்பைக் கூடையில் செய்யும் பிரிவினை, நாளை ஓர் உயிரைக் காக்கும் காரியமாகும். திடக்கழிவு மேலாண்மைக்கென 2016 ஆம் ஆண்டில் வெளியான விதிகள், வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் குப்பை என மூன்றாகப் பிரிக்கப் பணித்தன. மின்கல பாட்டரி, உடைந்த குழல் விளக்கு, காலாவதியான மருந்து, சவர அலகு, ஊசி ஆகியவை மூன்றாம் வகை. இவை சமையலறைக் கூடையில் கலந்துவிட்டால், அதைக் கையால் கிளறிப் பிரிக்கும் தூய்மைக் காவலரின் விரலுக்கே முதற் காயம் நேரும். அடிப்படையில் இது நம் வீட்டு மரியாதையைப் பற்றிய செய்தி. நம் வீட்டுக் குப்பையைத் தொடும் கை நம் அயலவரின் கை என்பதை நாம் மறத்தலாகாது.

வெந்நீர் அடுப்பில் எரியும் நஞ்சு

கழிவிலிருந்து ஆற்றல் பெறுவதில் இன்னொரு முறையும் நம் ஊர்களில் வழக்கத்தில் உள்ளது. அதற்கு மானியம் இல்லை, பயிற்சியும் இல்லை. கொல்லைப்புற வெந்நீர் அடுப்பில் பாலித்தீன் பை, பழைய செருப்பு, மிதிவண்டி டயர்த் துண்டு ஆகியவற்றைப் போட்டு எரிப்பதையே சொல்கிறோம். விறகு பற்றுவதற்கு மண்ணெண்ணெய்க்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் பையைக் கொளுத்தி வைப்பதும் பரவலாக உள்ளது. குப்பையும் ஒழிந்தது, வெந்நீரும் கிடைத்தது என்று இதைச் சிக்கனமாகக் கருதுவோர் உளர்.

இது சிக்கனமன்று. பிளாஸ்டிக்கைத் தாழ்ந்த வெப்பத்தில் புகைய எரித்தால், டையாக்ஸின் முதலிய நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. பி.வி.சி. என்னும் வகை எரிந்தால் அமில வாயுவும் சேர்ந்து எழும். டையாக்ஸின் எளிதில் அழிவதில்லை. புல்லில் படிந்து, மாட்டின் கொழுப்பிலும் பாலிலும் சேர்ந்து, இறுதியில் நம் குழந்தையின் குவளைக்கே திரும்பி வரும். இத்தகைய நிலைத்த நச்சுகளை ஒழிக்கும் பொருட்டு 2001 ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. 2006 ஆம் ஆண்டில் இந்தியாவும் அதற்கு ஒப்புதல் அளித்தது.

நகரங்களில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்களே, நாம் எரித்தால் மட்டும் குற்றமா என்று நீங்கள் வினவலாம். அங்கே எழும் புகையை மிக உயர்ந்த வெப்பத்தில் குறைந்தது 2 வினாடி நேரம் நிறுத்தி எரிக்க வேண்டுமென்றும், பின்னர் வடிகட்டிகள் வழியாகச் செலுத்த வேண்டுமென்றும் அவ்வுலைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அவற்றைப் பின்பற்றாத உலையும் ஊருக்குக் கேடே. நம் வெந்நீர் அடுப்பில் அந்த வெப்பமும் இல்லை, வடிகட்டியும் இல்லை. அடுப்பின் முன் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் மூச்சே அங்கு வடிகட்டியாகிறது. குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடை செய்து, ரூ. 5,000 முதல் அபராதமும் விதித்தது. அபராதத்துக்கு அஞ்சி அன்று, பேரப் பிள்ளைகளின் நலத்துக்கு அஞ்சி இவ்வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். மக்கும் குப்பை கலனுக்கு. மக்காத குப்பை தூய்மைக் காவலர் வண்டிக்கு. அடுப்புக்குப் பிளாஸ்டிக் ஒருபோதும் வேண்டா.

சமையலறையில் கொள்ளவேண்டிய எச்சரிக்கை

இனி, எரிவாயு வீட்டுக்குள் வந்த பின் கொள்ளவேண்டிய கவனத்தைக் காண்போம். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்குமாயின், ஒரு சிறு பொறியாலும் அது வெடிக்கும். இரவெல்லாம் கசிந்த ஒரு குழாய், மூடிய சமையலறையை அந்நிலைக்குக் கொண்டுவரக் கூடும்.

ஆதலின், அடுப்புள்ள அறையில் மேலே ஒரு திறப்பும் கீழே ஒரு திறப்பும் எப்போதும் இருத்தல் வேண்டும். குழாயிலுள்ள திருகை இரவில் மூடிவிட வேண்டும். ரப்பர்க் குழாயில் வெடிப்பு கண்டவுடன் மாற்ற வேண்டும். துணியைச் சுற்றிக் கட்டி ஒப்பேற்றலாகாது. கசிவு உளதோ என அறியச் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும். தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்தல் தற்கொலைக்கு ஒப்பாகும். அழுகிய முட்டையின் நாற்றம் அறையில் வீசினால், சன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். அவ்வேளையில் மின் விளக்கின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி எழும்.

புதிய கலனில் முதன் முதலாக வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். அதை எரிக்க முற்பட்டால், சுடர் குழாய் வழியே பின்னோக்கிப் பாய்ந்து கலனை உடைக்கக்கூடும். முதல் வாயுவை வெளியே விட்டுவிட்டு, அதன்பின் வருவதையே பயன்படுத்த வேண்டும். குழாயில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். இரும்புத் துருவல் நிரப்பிய சிறு குப்பி வழியே வாயுவைச் செலுத்தினால், நச்சு வாயுவின் பெரும்பகுதி அதிலேயே தங்கிவிடும். அடுப்பும் விரைவில் அரிக்கப்படாது.

குழியின் வாயில் நிற்கும் கூற்றுவன்

இதுவரை சொன்ன கேடுகளைக் கவனத்தால் குறைக்கலாம். இனிச் சொல்லப் போவது கவனமுள்ளவரையும் விழுங்குவதாகும்.

கலனிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவே என்றோம். அச்சிறிதளவே உயிரைப் போக்கப் போதுமானது. காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அதன் நாற்றம் தெரியும். 100 பங்கை எட்டும்போது மூக்கின் நுகரும் ஆற்றல் மரத்துப் போகிறது. அதாவது, அபாயம் வளர்ந்ததும் அடையாளம் மறைந்துவிடுகிறது. நாற்றம் இல்லை, எனவே நஞ்சு இல்லை என்று கருதி மனிதர் இறங்குவது இதனாலேயே. 700 முதல் 1,000 பங்கு வரை உள்ள இடத்தில் ஓரிரு மூச்சிலேயே ஒருவர் நினைவிழந்து விழுவார். கலனுக்குள் இருக்கும் வாயுவில் இந்த அளவைத் தாண்டுதல் அரிதன்று. மேலும், உள்ளே உயிர்வாயு மிகக் குறைவு. கரைசலை வெளியேற்றிவிட்டோம், மூடியை நேற்றே திறந்துவிட்டோம் என்று நம்பியும் இறங்கலாகாது. நச்சு வாயு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். காய்ந்த ஏட்டைக் காலால் கிளறிய அக்கணமே, அதற்குள் அடைபட்டிருந்த வாயு ஒருசேர வெளிப்படும்.

முதலில் விழுந்தவரைவிட, அவரைக் காப்பாற்ற இறங்குவோரின் கதை துயரமானது. இத்தகைய அடைபட்ட இடங்களில் நேரும் இறப்புகளை ஆராய்ந்த அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம், மாண்டவருள் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பிறரைக் காப்பாற்ற முனைந்தவர்களே என 1986 ஆம் ஆண்டில் எச்சரித்தது. அண்ணன் விழுந்தான் என்று தம்பி இறங்குகிறான். தம்பி எழவில்லை என்று தந்தை இறங்குகிறார். பாசம் மிக்க குடும்பத்தையே இக்குழி முழுமையாகக் கொள்ளை கொள்கிறது.

நம் முன்னோர் பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பர். விளக்கு அணைந்தால் இறங்கார். கிணற்றுக்கு அது அறிவுடைய செயல். ஆனால், எரிவாயுக் குழியில் அதே வழக்கத்தைப் பின்பற்றினால் விளக்கே வெடிக்குக் காரணமாகும். அணையாத விளக்கும் நச்சு வாயு இல்லை என்பதற்குச் சான்றாகாது. பழைய அனுபவத்தைப் புதிய இடத்தில் அப்படியே கையாளலாகாது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எனவே, ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது யாது? பின்தொடர்ந்து இறங்காதீர்கள்; பிறரையும் இறங்க விடாதீர்கள். 101 என்னும் எண்ணில் தீயணைப்பு நிலையத்தையும், 108 என்னும் எண்ணில் ஆம்புலன்சையும் உடனே அழையுங்கள். மருந்து தெளிக்கும் விசைக் கருவியோ ஊதுவிசிறியோ அருகில் இருப்பின், அதைக் குழிக்கு எட்ட வைத்து, நீண்ட குழாய் வழியே தூய காற்றை உள்ளே செலுத்துங்கள். கயிறு எறிந்து, பிடிக்க இயன்றால் மேலே நின்றவாறே இழுங்கள். கூட்டத்தில் எவரும் பீடி பற்ற வைக்க இடங்கொடாதீர்கள்.

கழிவறைத் தொட்டிகளையும் சாக்கடைகளையும் பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரைக் கொண்டு துப்புரவு செய்வித்தலை 2013 ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. அவ்வாறு மாண்டோர் குடும்பத்துக்கு ரூ. 10 இலட்சம் வழங்க 2014 ஆம் ஆண்டில் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 ஆம் ஆண்டில் அத்தொகையை ரூ. 30 இலட்சமாக உயர்த்தியது. அச்சட்டம் சொல்லும் தொட்டியிலுள்ள வாயுவே எரிவாயுக் குழியிலும் உள்ளது; நுரையீரலுக்கு இரண்டும் ஒன்றே. சட்டத்தின் எழுத்து எட்டாத இடத்திலும் அதன் கருணை எட்ட வேண்டும்.

வெளிவரும் கரைசலும் ஊர்ச் சுகாதாரமும்

கலனிலிருந்து வெளிவரும் செரித்த கரைசல் வயலுக்குச் சிறந்த எரு. ஆனால், செரித்துவிட்டது என்பதாலேயே அது கிருமியற்றது எனக் கொள்ளலாகாது. நம் கலன்களின் வெப்பநிலையில் நோய்க் கிருமிகள் பல குறைகின்றனவேயன்றி, உருளைப் புழுவின் முட்டைகள் பல பிழைத்தே வெளிவருகின்றன. கழிவறையுடன் இணைத்த கலனாயின் இது பெரிதும் கவனிக்கத்தக்கது. மனிதக் கழிவு சேர்ந்த எருவை, நம் நாட்டைப் போன்ற வெப்பப் பகுதிகளில் ஓராண்டுக்கு மேல் சேமித்து வைத்த பின்னரே பயன்படுத்துமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் வழிகாட்டியது. பச்சையாக உண்ணும் வெள்ளரி, முள்ளங்கி, கொத்துமல்லி முதலியவற்றுக்கு அக்கரைசலை இடவே வேண்டா. சாணக் கரைசலாயினும், கைகளை சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும். வெறுங்காலுடன் கரைசலில் நிற்றலாகாது.

நாம் அண்மையில் பார்வையிட்ட ஒரு வீட்டில், வெளியேறும் தொட்டியின் மீது ஓலைப் பாய் ஒன்று விரித்து மூடப்பட்டிருந்தது. அதன்மேல் உலர்ந்த ஏடு படிந்து, பார்ப்பதற்குத் தரை போலவே இருந்தது. அதைச் சுற்றி மூன்று பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். வீட்டம்மையாரிடம் இதைச் சுட்டிக்காட்டியபோது, "பத்து வருஷமா இப்படித்தாங்க இருக்கு, ஒண்ணும் ஆகல்ல" என்றார். ஒன்றும் ஆகாத பத்தாண்டு, பதினொன்றாம் ஆண்டுக்கு உறுதி கூறுவதில்லை. மறு வாரமே அவ்வீட்டுத் தொட்டிக்குச் சிமெண்டுப் பலகை மூடி இடப்பட்டது. நுழைவுத் தொட்டி, வெளியேறும் தொட்டி இரண்டுக்கும் ஒரு பிள்ளை ஏறி நின்றாலும் தாங்கும் மூடி வேண்டும்.

மூடியினால் மற்றொரு நன்மையும் உண்டு. திறந்து கிடக்கும் கரைசலில் ஈயும், அழுக்கு நீரில் வளரும் கொசுவும் பெருகும். கரைப்பதற்கென நிரப்பி வைத்த நல்ல நீர்த் தொட்டியிலோ டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடும். ஆதலால், இரண்டையும் மூடி வைக்க வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாத தொலைவில் கலன் அமைய வேண்டும். கரைசலைத் தெருவிலோ வாய்க்காலிலோ ஓடவிடாமல் உரக்குழியில் சேர்க்க வேண்டும்.

நாம் மேற்கொண்டுள்ள முடிவுகள்

இவற்றையெல்லாம் பேசியதோடு நின்றுவிடாமல், நமது அலுவலகம் சில முடிவுகளை மேற்கொண்டுள்ளது. முதலாவது, செப்பனிடும் பணிக்காகக் கலனுக்குள் மனிதரை இறக்க நாம் அனுமதி அளிக்கப் போவதில்லை. படிவை வண்டியின் உறிஞ்சு குழாய் மூலமாகவே எடுக்க வேண்டும். கவிகையில் வெடிப்பு கண்டு, உட்புறத்தில் பூச்சு வேலை தவிர்க்க இயலாததாயின், கலன் முழுவதும் காலி செய்யப்பட்டு, விசிறியால் காற்றோட்டம் அளிக்கப்பட்டு, வாயு அளக்கும் கருவியால் சோதிக்கப்பட்டு, இடுப்பில் கயிறும் மேலே இருவரும் உள்ள நிலையில், பயிற்சி பெற்றோரே அதைச் செய்தல் வேண்டும். அவ்வசதி கிட்டாத இடத்தில் அக்கலனை மண்ணிட்டு மூடிவிட்டுப் புதியதொன்று கட்டுவதே மேல். இம்முறையை மீறிச் செய்த வேலைக்கு நமது அலுவலகம் பட்டியல் தயாரிக்காது.

கொத்தனாரை இறக்கினால் பாதிச் செலவில் முடியுமே என்று சிலர் நம்மிடம் கூறினர். அவர்கள் கூறுவது கணக்கில் சரியே. ஆனால், அந்த மிச்சம் யாருடைய உயிரைப் பணயமாக வைத்துப் பெறப்படுகிறது என்பதைக் கணக்குப் புத்தகம் காட்டுவதில்லை. பெரும்பாலும் அன்றாடக் கூலிக்கு வரும் ஓர் ஏழையே அக்குழியில் இறக்கப்படுகிறார்; மறுக்கும் நிலையில் அவர் இல்லை. மறுக்க இயலாதவருக்காக மறுப்பது அரசு அலுவலரின் கடமை.

இரண்டாவது, புதிய கலன் பெறும் ஒவ்வொரு வீட்டிலும், மூடி அமைந்த பின்னரே வாயு திறக்கப்படும். மூன்றாவது, கலனருகே எளிய தமிழில் ஒரு பலகை வைக்கப்படும்: 'உள்ளே இறங்காதே, தீ கொண்டு வராதே, விழுந்தவர் பின்னே குதிக்காதே.' நான்காவது, மகளிர் குழுவினர் திங்கள்தோறும் ஒருநாள் தத்தம் ஊர்க் கலன்களின் குழாயையும் மூடியையும் பார்வையிட்டு, ஊராட்சிச் செயலரிடம் குறிப்புத் தர வேண்டுகிறோம். சோப்பு நுரையும் ஒரு தூரிகையும் போதும். இதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை.

தாய்மார்களே, தோழர்களே! வீட்டுக் கழிவு வீதிக்கு வந்தால் நோய். அடுப்பில் பிளாஸ்டிக்காக எரிந்தால் நஞ்சு. பிரித்துக் கலனில் இட்டால் வெளிச்சம். மூன்றும் நம் கையிலேயே உள்ளன. ஊர் திரும்பியதும், இங்கு வராத அண்டை வீட்டாருக்கும், கொத்து வேலை செய்வோருக்கும், கூலிக்குக் குழி தூர் எடுக்கச் செல்வோருக்கும் இச்செய்தியை எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு இதே முகாமில் எத்தனை கலன்கள் கட்டினோம் என்று நாம் கணக்குப் பார்ப்போம். அவற்றால் ஓர் உயிரும் இழக்கவில்லை என்னும் கணக்கையே அதற்கு முன்னதாக வாசிக்க விரும்புகிறோம்.